ஆல்டோ லியோபோல்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐயோவா மாகாணத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்த ஆல்டோ லியோபோல்டு என்பார், யேல் சர்வகலாசாலையில் வன சாஸ்திரம் பயின்று, 1909-இல் அரசாங்க வனத்துறையிற் சேர்ந்தார். மான்கள் பெருகுமென்றெண்ணி ஓநாய்களைச் சுட்டுக்கொன்றவர்களுள் அவரும் ஒருவர். ஓநாயொழிந்த மலைகளை மான்கூட்டமே மேய்ந்து மொட்டையாக்கக் கண்டு பிற்காலத்தில் மனம் மாறினார்.

1933-இல் விஸ்கான்சின் சர்வகலாசாலை அவரை ஆசிரியராக்கிற்று. மறு ஆண்டு திறக்கப்பெற்ற அதன் மரச்சோலையில், உழுது களைத்த வயல்களை ஆதிப் புல்வெளியாக மீட்கும் அரும்பணி தொடங்கியது. பூங்கா அமைப்பது எளிது. ஏரால் அழிந்ததைத் திரும்ப அழைப்பது அவ்வளவு எளிதன்று. வேலையின்றி வாடிய வாலிபர் பலர் அங்கே முகாமிட்டு, எஞ்சிய புல்வெளிகளிலிருந்து புல்லை மண்கட்டியோடு பெயர்த்து வந்து நட்டனர். ஆயினும் ஐரோப்பாவினின்று வந்த மேய்ச்சற்புல் இடம்விடவில்லை. இடையிடையே தீயிட்டாலன்றி ஆதிப்புல் தழைக்காதென்பதை, அச்சர்வகலாசாலைத் தாவரநூலாசிரியர் கர்டிஸ் 1940-களில் ஆராய்ந்து நிறுவினார்.

தாம் 1935-இல் வாங்கிய பாழ்நிலத்தில் லியோபோல்டு மனைவி மக்களோடு பைன் கன்றுகளை நட்டார். 1936-இன் வறட்சியில் அவை பெரும்பாலும் கருகின. மறு ஆண்டும் நட்டார், அதன்பின்னும் நட்டார். பூ மலர்ந்த நாளையும் பறவை வந்த நாளையும் தவறாது குறித்து வைத்தார். 1948 ஏப்ரல் 21 அன்று, அயலார் நிலத்திற் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்றவர், மாரடைப்பால் அங்கேயே உயிர்நீத்தார். அவர் எழுதிவைத்த கட்டுரைகள் மறு ஆண்டு நூலாக வெளிவந்தன.