ஹியூ டௌடிங்

ஹியூ காஸ்வல் ட்ரெமன்ஹியர் டௌடிங் (ஏப்ரல் 24, 1882 – பெப்ரவரி 15, 1970) பிரித்தானிய அரச வான்படையின் உயர் அதிகாரி ஆவார். ஃபைட்டர் கமாண்ட் எனப்பட்ட சண்டை வானூர்திப் பிரிவின் முதல் தலைமைத் தளபதியாக 1936 முதல் 1940 வரை பணியாற்றினார். 1940 ஆம் ஆண்டு கோடையில் நிகழ்ந்த பிரிட்டன் சண்டையில் ஜெர்மானிய வான்படையான லுஃப்ட்வாஃபேயைத் தடுத்து நிறுத்திய தளபதி என்று அறியப்படுகிறார். வெற்றி கிட்டிய சில வாரங்களிலேயே அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அம்முடிவு சரியா தவறா என்பது படைத்துறை வரலாற்றாளர்களிடையே இன்றும் விவாதிக்கப்படுகிறது.

இளமையும் பீரங்கிப் படையும்

டௌடிங் ஸ்காட்லாந்தின் மொஃபட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை அவ்வூரில் புனித நினியன் பள்ளியை நடத்தி வந்தார். அங்கும் பின்னர் வின்செஸ்டர் கல்லூரியிலும் பயின்ற டௌடிங், வுல்விச் படைத்துறைக் கல்விக்கழகத்தில் சேர்ந்து 1900 ஆம் ஆண்டு பீரங்கிப் படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். ஜிப்ரால்ட்டர், இலங்கை, ஹாங்காங் ஆகிய இடங்களில் பணிபுரிந்தபின் 1904 இல் இந்தியாவில் ஒரு மலைப் பீரங்கிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

1912 இல் கேம்பர்லி பணியாளர் கல்லூரியில் சேர்ந்த பின்னரே அவருக்கு வானூர்திகள் மீது ஆர்வம் பிறந்தது. புரூக்லண்ட்ஸ் வான்களத்தில் பறக்கக் கற்று, 1913 டிசம்பரில் வானோட்டிச் சான்றிதழ் பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. மற்றவர்களோடு எளிதில் கலந்து பழகாத இயல்பினால் அவருக்கு ஸ்டஃபி (விறைப்பானவர்) என்ற பட்டப்பெயர் உண்டு. அப்பெயர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

முதல் உலகப் போர்

1914 இல் போர் மூண்டதும் அரச பறக்கும் படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். 1915 இல் கம்பியில்லாத் தந்தியை வானூர்திகளில் பயன்படுத்துவது குறித்த ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பறப்பவருக்கும் தரையில் இருப்பவருக்கும் இடையிலான தொடர்பே வான்போரின் உயிர்நாடி என்பதை அவர் கற்றுக்கொண்ட இடம் இதுவாகலாம். அதே ஆண்டு 16 ஆம் ஸ்குவாட்ரனின் தளபதியானார்.

1916 இல் சோம் சண்டையின்போது பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய ஒன்பதாம் விங் அவருடைய பொறுப்பில் இருந்தது. கடும் இழப்புக்கு உள்ளான 60 ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஓய்வு அளிக்க வேண்டும் என்று பறக்கும் படைத் தளபதி ஹியூ டிரென்சர்டிடம் டௌடிங் கேட்டுக்கொண்டார். எப்போதும் தாக்குதல் நிலையிலேயே இருக்க வேண்டும் என்ற கொள்கை உடைய டிரென்சர்டு, ஸ்குவாட்ரனுக்கு ஓய்வு அளித்தார். ஆனால் டௌடிங்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை குறைந்தது. டௌடிங் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சிப் பணிகளில் அமர்த்தப்பட்டார். அதன்பின் அவர் போர்முனைக்குத் திரும்பவில்லை. களைத்த வானோட்டிகளைக் களத்தில் வைத்திருப்பது படையையே அழித்துவிடும் என்ற அவருடைய எண்ணம் மட்டும் மாறவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதுவே ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கை ஆயிற்று.

1918 இல் கிளாரிஸ் என்பவரை மணந்தார். 1919 இல் டெரெக் என்ற மகன் பிறந்தான். மறு ஆண்டே கிளாரிஸ் நோய்வாய்ப்பட்டு இறந்தார். அதன்பின் டௌடிங்கின் இல்லத்தை அவருடைய சகோதரி ஹில்டா கவனித்துக்கொண்டார். மனைவியின் மறைவு அவரை மேலும் தனிமை நாடுபவராக ஆக்கியது.

ஆய்வும் தளவாடமும்

போர் முடிந்தபின் புதிதாக உருவான அரச வான்படையில் தொடர்ந்து பணியாற்றினார். ஈராக்கிலும் பாலஸ்தீனத்திலும் பொறுப்புகள் வகித்தார். 1930 செப்டம்பரில் வான்படைக் குழுவில் தளவாடம், ஆய்வு ஆகியவற்றுக்கான உறுப்பினர் ஆனார். அவருடைய வாழ்வின் மிகப் பயனுள்ள ஆண்டுகள் இவையே என்று சொல்லலாம். ஆனால் அவை ஒரு பேரிடருடன் தொடங்கின. ஆர்101 என்னும் பெரிய வான்கப்பல் இந்தியாவுக்குப் புறப்படுவதற்கான பறப்புத் தகுதிச் சான்றுக்கு, பதவியேற்ற சில வாரங்களில் அவர் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. 1930 அக்டோபர் 5 அன்று அக்கப்பல் பிரான்சில் விழுந்து எரிந்ததில் 48 பேர் இறந்தனர். மேலும் பல சோதனைகளை வலியுறுத்தாதது தமது தவறு என்று அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இதன்பின் எதையும் நேரில் மெய்ப்பித்துக் காட்டினால்தான் ஏற்பது என்பது அவருடைய வழக்கமாக இருந்தது. 1935 இல் ராபர்ட் வாட்சன்-வாட் என்னும் அறிவியலாளர், வானொலி அலைகளைக் கொண்டு தொலைவில் வரும் வானூர்திகளைக் கண்டறிய முடியும் என்று கணக்கிட்டுக் காட்டியபோது, செயல்முறை விளக்கம் இன்றிப் பணம் ஒதுக்க டௌடிங் மறுத்தார். 1935 பெப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே, வானொலி நிலையத்தின் அலைகள் ஒரு குண்டுவீச்சு வானூர்தியின் மேல் பட்டுத் திரும்புவது பதிவு செய்யப்பட்டது. பின்னர் ராடார் எனப் பெயர் பெற்ற இக்கருவிக்கு அவர் முழு ஆதரவு அளித்தார். ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் ஆகிய எட்டுத் துப்பாக்கிகள் கொண்ட ஒற்றை இறக்கைத்தட்டுச் சண்டை வானூர்திகளும் இவர் பொறுப்பில் இருந்த காலத்தில் உருவானவையே. குண்டுவீச்சு வானூர்திகளை எவராலும் தடுக்க முடியாது என்று அரசியலாளரும் படைத்துறையினரும் பரவலாக நம்பிய காலத்தில், தடுக்க முடியும் என்று கருதி அதற்கான கருவிகளைத் தேடியவர் அவர்.

ஃபைட்டர் கமாண்ட்

1936 ஜூலை 14 அன்று ஃபைட்டர் கமாண்ட் தோற்றுவிக்கப்பட்டது. லண்டனுக்கு வடமேற்கே ஸ்டான்மோரில் உள்ள பென்ட்லி பிரயரி என்னும் பழைய மாளிகை அதன் தலைமையகம் ஆனது.

டௌடிங் முறைமை என்று அழைக்கப்படும் ஏற்பாடு இங்கு உருவானது. செயின் ஹோம் எனப்பட்ட கடற்கரை ராடார் நிலையங்கள், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் வரும் வானூர்திகளைக்கூட உயரமாகப் பறக்குமானால் கண்டறிந்தன. அவை கடற்கரையைத் தாண்டியபின் கண்காணிப்போர் படையினர் வெறும் கண்ணாலும் தொலைநோக்கியாலும் பார்த்துத் தகவல் அளித்தனர். ராடார் தகவல்கள் முதலில் பென்ட்லி பிரயரியில் உள்ள வடிகட்டும் அறைக்கு வந்தன. ஒரே எதிரிக் கூட்டத்தைப் பல நிலையங்கள் பலவாறு அறிவிப்பதால், அங்கு முரண்பட்ட செய்திகள் ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்டு, தெளிவான படம் மட்டும் குரூப்களுக்கும் அவற்றின் கீழிருந்த செக்டர் நிலையங்களுக்கும் சென்றது. பெரிய மேசை வரைபடத்தில் பெண் துணைப்படையினர் அடையாளக் காய்களை நகர்த்தினர். செக்டர் கட்டுப்பாட்டாளர் வானோட்டிகளை வானொலி வழியே வழிநடத்தினார். ராடார் ஜெர்மனியிடமும் இருந்தது. பிரிட்டனிடம் இருந்தது அதன் செய்தியைச் சில நிமிடங்களில் கட்டளையாக மாற்றும் அமைப்பு. வானில் வீணாகச் சுற்றி எரிபொருளையும் வானோட்டிகளின் உடல்வலுவையும் செலவிட வேண்டிய தேவையை அது நீக்கியது.

தொலைபேசிக் கம்பிகளை நிலத்தடியில் புதைப்பது, வானூர்தி முகப்பில் குண்டு துளைக்காத கண்ணாடி பொருத்துவது போன்ற சிறு செய்திகளுக்காகவும் அவர் வான் அமைச்சகத்துடன் ஓயாமல் போராடினார். அமைச்சகத்தில் அவருக்கு நண்பர்கள் குறைவு. 1937 இல் ஏர் சீஃப் மார்ஷலாக உயர்ந்த அவருக்கு வான்படைத் தலைமைப் பதவி கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. அது சிரில் நியூவலுக்குச் சென்றது. டௌடிங்கின் ஓய்வு நாளும் பலமுறை குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது.

1940 மே மாதக் கடிதம்

1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவைத் தாக்கியது. பிரான்சின் தளர்ச்சியைக் கண்ட பிரித்தானிய அரசு மேலும் மேலும் ஹரிக்கேன்களை அங்கு அனுப்பியது. பிரெஞ்சுப் பிரதமர் போல் ரெனோ மேலும் பத்து ஸ்குவாட்ரன்கள் கேட்டார். மே 15 அன்று போர் அமைச்சரவையின் முன் தோன்றி எதிர்ப்புத் தெரிவித்த டௌடிங், மறுநாள் வான் அமைச்சகத்துக்குப் பத்துப் பத்திகள் கொண்ட கடிதம் ஒன்றை எழுதினார். நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன்கள் தேவை என்று முன்பு முடிவானதையும், தம்மிடம் 36 மட்டுமே எஞ்சியிருப்பதையும் அதில் சுட்டிக்காட்டினார். எந்த எண்ணிக்கைக்குக் கீழே குறைக்கப்படாது என்று உறுதி கோரினார். பிரான்சுக்கு இனியும் படைகள் சென்றுகொண்டே இருந்தால் பிரான்சின் தோல்வி பிரிட்டனின் மீளாத தோல்வியாகவும் முடியும் என்று எச்சரித்தார்.

கடிதத்துக்குப் பின்னும் சில நாட்கள் ஹரிக்கேன்கள் அனுப்பப்பட்டன. எனினும் மே 20 ஆம் தேதியளவில், இனி ஸ்குவாட்ரன்கள் நாட்டை விட்டுச் செல்லக்கூடாது என்று பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் முடிவு செய்தார். நட்பு நாடு வீழ்ந்துகொண்டிருக்கையில் உதவியை மறுக்கச் சொல்வது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். பின்வந்த கோடையை நோக்கினால், டௌடிங் வென்ற முதல் சண்டை இதுவே.

பிரிட்டன் சண்டை

பிரித்தானிய வழக்கில் இச்சண்டை 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. தெற்கு இங்கிலாந்தைக் காத்த 11 ஆம் குரூப்பை நியூசிலாந்தைச் சேர்ந்த கீத் பார்க் வழிநடத்தினார். அன்றாடச் சண்டையில் டௌடிங் தலையிடவில்லை. நாடு முழுவதிலும் எங்கு எவ்வளவு வலிமை இருக்க வேண்டும் என்பதையே அவர் தீர்மானித்தார். எதிரியின் வான்படையை அழிப்பது அவருடைய நோக்கம் அன்று. இலையுதிர்காலப் புயல்கள் கடலைக் கொந்தளிக்கச் செய்து படையெடுப்பைத் தடுக்கும் வரை தம்முடைய படை அழியாமல் இருந்தால் போதும் என்று கருதினார்.

ஆகஸ்ட் 15 அன்று இதன் பலன் தெரிந்தது. எல்லாச் சண்டை வானூர்திகளும் தெற்கே குவிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணி, நார்வேயிலும் டென்மார்க்கிலும் இருந்து லுஃப்ட்வாஃபே வட இங்கிலாந்தைத் தாக்கியது. அங்கு ஓய்வுக்காகவும் பாதுகாப்புக்காகவும் டௌடிங் வைத்திருந்த ஸ்குவாட்ரன்கள் காத்திருந்தன. பெரும் இழப்பைச் சந்தித்த அந்த ஜெர்மானிய வான்தொகுதி அதன்பின் பகலில் பெருந்தாக்குதல் எதுவும் நடத்தவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் வானூர்திகளைவிடப் பயிற்சி பெற்ற வானோட்டிகளுக்கே தட்டுப்பாடு இருந்தது. வானூர்தி உற்பத்தியை அமைச்சர் பீவர்புரூக் பிரபு விரைவுபடுத்தியிருந்தார். அவருடைய மகனும் டௌடிங்கின் மகன் டெரெக்கும் அச்சண்டையில் பறந்தவர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்குவாட்ரன்களை மூன்று வகையாகப் பிரித்து, அனுபவம் மிக்கவர்களைத் தெற்கே திரட்ட வேண்டிய நிலை டௌடிங்குக்கு ஏற்பட்டது. மொழித் தடையால் போலந்து வானோட்டிகளைப் பயன்படுத்த முதலில் தயங்கிய அவர், 303 ஆம் ஸ்குவாட்ரனின் திறமையைக் கண்டபின் அவர்களைப் பாராட்டினார். செப்டம்பர் 7 அன்று ஜெர்மானியர் தாக்குதலை லண்டன் நோக்கித் திருப்பியதால் வான்களங்கள் சற்று மூச்சுவிட்டன. செப்டம்பர் 15 அன்று நடந்த பெரும் சண்டைக்குப் பின் ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையின்றி ஒத்திவைத்தார். ஃபைட்டர் கமாண்டில் பறந்த ஏறத்தாழ 3,000 பேரில் 544 பேர் இச்சண்டையில் உயிரிழந்தனர்.

பதவி நீக்கம்

சண்டையின் நடுவிலேயே உட்பகை வளர்ந்திருந்தது. லண்டனுக்கு வடக்கே இருந்த 12 ஆம் குரூப்பின் தளபதி டிராஃபோர்டு லீ-மல்லோரியும், அவர் கீழ் இருந்த டக்ளஸ் பேடரும், மூன்று முதல் ஐந்து ஸ்குவாட்ரன்களை ஒன்றாகத் திரட்டித் தாக்கும் பெரு விங் முறையை வலியுறுத்தினர். அவ்வளவு வானூர்திகளும் ஒன்றுசேர்வதற்குள் எதிரி குண்டுவீசித் திரும்பிவிடுவான் என்பது பார்க்கின் வாதம். கரையோரத்தில் இருந்த பார்க்குக்கு இருந்த அவகாசம் மிகச் சில நிமிடங்களே என்பதால் பெரும்பாலான வரலாற்றாளர் அவர் பக்கமே நிற்கின்றனர். ஆனால் தமக்குக் கீழுள்ள இரு தளபதிகளின் பூசலை டௌடிங் காலத்தில் தீர்க்கவில்லை என்பது மறுக்க இயலாத குறை. அக்டோபர் 17 அன்று வான் அமைச்சகத்தில் ஷோல்ட்டோ டக்ளஸ் தலைமையில் நடந்த கூட்டம் லீ-மல்லோரிக்கே சாதகமாக அமைந்தது.

இரவுக் குண்டுவீச்சு மற்றொரு காரணம். லண்டன் இரவுதோறும் எரிந்தபோது, உடனடியாக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற அழுத்தம் எழுந்தது. ஒற்றை இருக்கை வானூர்திகளை இரவில் அனுப்ப வேண்டும் என்ற பரிந்துரையை டௌடிங் விரும்பவில்லை. ராடார் பொருத்திய போஃபைட்டர் வானூர்திகளே உண்மையான தீர்வு என்றார். அவை இன்னும் முழுமை பெறவில்லை. நவம்பர் 14 அன்று கோவென்ட்ரி நகரம் அழிந்தது. ஐந்து நாட்களுக்குப் பின், நவம்பர் 19 இரவில், ராடார் பொருத்திய போஃபைட்டர் ஒன்று தன் முதல் இலக்கை வீழ்த்தியது. அதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 25 அன்று டௌடிங்கின் இடத்தில் ஷோல்ட்டோ டக்ளஸ் அமர்ந்தார். அடுத்த மாதம் பார்க்கின் இடம் லீ-மல்லோரிக்குச் சென்றது.

58 வயதாகி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரே பதவியில் இருந்து களைத்திருந்த ஒருவரை மாற்றியதில் நியாயம் இருந்தது. மாற்றிய முறையில் இருந்ததாகச் சொல்வது கடினம். 1941 இல் வான் அமைச்சகம் வெளியிட்ட பிரிட்டன் சண்டை பற்றிய சிறு நூலில் அவருடைய பெயரே இடம்பெறவில்லை. சர்ச்சிலே இதைக் கண்டித்தார். அதே ஆண்டு, புதிய தலைமையின் கீழ் ஃபைட்டர் கமாண்ட் பிரான்சின் மீது நடத்திய பகல் தாக்குதல்களில் பல வானோட்டிகளை இழந்து, சிறிதே பயன் கண்டது.

பிற்காலம்

வானூர்தி உற்பத்தி அமைச்சகத்தின் சார்பில் அமெரிக்கா சென்று வந்தபின், பிரிட்டன் சண்டை பற்றிய அறிக்கையை 1941 இல் எழுதி முடித்தார். அது 1946 இல்தான் வெளியிடப்பட்டது. 1942 ஜூலையில் ஓய்வு பெற்றார். 1943 இல் பென்ட்லி பிரயரியின் டௌடிங் பிரபு என்ற பட்டம் பெற்றார். வான்படையின் மிக உயர்ந்த தரநிலையான மார்ஷல் பதவி அவருக்கு வழங்கப்படவே இல்லை.

ஓய்வுக்குப் பின் ஆவியுலக நம்பிக்கையில் ஆழ்ந்தார். போரில் மாண்ட வீரர்கள் தம்முடன் தொடர்பு கொள்வதாக நம்பி, அதுபற்றிப் பல நூல்கள் எழுதினார். இது அவரை விந்தையான மனிதராகக் காட்டியது. எதிரிகளுக்கு எள்ளுவதற்கும் இடமளித்தது. போரில் கணவரை இழந்த முரியல் வைட்டிங் என்பவரை 1951 இல் மணந்தார். புலால் உணவைக் கைவிட்டு, பிரபுக்கள் அவையில் விலங்கு நலனுக்காகப் பேசினார். 1959 இல் விலங்குகளைத் துன்புறுத்தாமல் செய்யப்படும் அழகுப் பொருட்களுக்கான இயக்கத்தை முரியல் தொடங்கினார்.

1969 இல் வெளியான பிரிட்டன் சண்டை பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தில் லாரன்ஸ் ஒலிவியே டௌடிங்காக நடித்தார். அதன் படப்பிடிப்பை டௌடிங் சக்கர நாற்காலியில் அமர்ந்து பார்வையிட்டார். மறு ஆண்டு பெப்ரவரி 15 அன்று கென்ட் மாவட்டத்தில் தம் 87 ஆம் வயதில் காலமானார். அவருடைய சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வான்படைக்கான சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது. லண்டன் புனித கிளமென்ட் டேன்ஸ் தேவாலயத்தின் முன் அவருக்கு 1988 இல் சிலை நிறுவப்பட்டது. பென்ட்லி பிரயரியை விட்டு வான்படை 2008 இல் வெளியேறியது. டௌடிங்கின் பணி அறை இருந்த அம்மாளிகையில் 2013 இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.