'நோபிலி' என்றால் என்ன? ரோமில் இருந்து சேலம் வரை வந்த ஒரு குடும்பப் பெயரின் கதை!

ஃபெராரி என்றதும் கார்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இத்தாலியில் அது கொல்லர் குடும்பத்தைக் குறிக்கும் பெயர். ரோஸ்ஸி என்றால் செந்நிற முடிக்காரர்கள். அந்த வரிசையில் வரும் 'டி நோபிலி' என்ற பெயர், 400 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம சேலம், சேந்தமங்கலம் வரை நடந்து வந்திருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், தமிழில் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் டி நோபிலி.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'நோபிலே' என்றால் உயர்குடியைச் சேர்ந்தவர். அதன் பன்மைதான் 'நோபிலி'. மூலமான லத்தீன் சொல்லுக்கு, பலராலும் அறியப்பட்டவர் என்று பொருள். 'டி நோபிலி' என்றால் உயர்குடியினர் வழிவந்தவர். நோபல் பரிசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது சுவீடனில் ஓர் ஊர்ப் பெயரில் இருந்து வந்தது.

பெயருக்கு ஏற்ற குடும்பம்தான். 1577-ல் ரோமில் பிறந்த நோபிலிக்கு, கர்தினால் பெல்லார்மின் உறவினர். வசதியை விட்டுவிட்டு இயேசு சபையில் சேர்ந்தவர், 1605-ல் கோவாவுக்கும், 1606-ல் மதுரைக்கும் வந்தார்.

'பரங்கி' என்ற சிக்கல்

அப்போது ஐரோப்பியர் எல்லோருக்கும் இங்கே ஒரே பெயர்: பரங்கி. மாட்டிறைச்சியும் மதுவும் சாப்பிடுகிறவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்ற ஏளனம் அந்தச் சொல்லில் இருந்தது. பரங்கிக்காய்க்குப் பெயர் கொடுத்ததும் இதே சொல்தான். கொங்கு பக்கம் நாம் அரசாணிக்காய் என்கிறோமே, அதேதான்!

நோபிலி என்ன செய்தார் தெரியுமா? காவி உடுத்தினார், மரப் பாதுகை போட்டார், சைவத்துக்கு மாறினார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். தான் பரங்கி இல்லை, ரோமில் ராஜ குலத்துக்குச் சமமான குடும்பத்தில் பிறந்தவன் என்று ஓலையில் எழுதி வீட்டு வாசலில் வைத்தார். அதாவது, தன் குடும்பப் பெயரையே தமிழ்நாட்டு சாதிக் கணக்குக்கு மொழிபெயர்த்துவிட்டார்.

கிளம்பிய எதிர்ப்பு

இதற்கு விலையும் இருந்தது. மதுரையில் பரதவ மீனவர்களுக்காகப் பணியாற்றிய சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸிடம் இருந்து நோபிலி விலகியே வாழ்ந்தார். பெர்னாண்டஸ் புகார் அனுப்ப, விவகாரம் கோவா தாண்டி ரோம் வரை போனது. 1623-ல் போப் 15-ம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதிய கிறிஸ்தவர்கள் தொடரலாம் என்று அனுமதித்தார்.

கொங்கு மண்ணில்...

அதே 1623-ல் நோபிலி வடக்கே கிளம்பினார். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலம், அடுத்து சேலம். 1625-ல் சேலம் ஆட்சியாளரின் சகோதரர் திருமங்கல நாயக்கர், மோரமங்கலத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆனால் உயர்சாதிக்கு ஒரு குரு என்றால், மற்றவர்களுக்கு யார்? அந்தக் கேள்விக்குப் பதிலாக 1640-ல் பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவு உருவானது. ஒரே சபைக்குள் இரண்டு வகை குருக்கள்! சாதியோடு சமரசம் செய்தவர் என்ற விமர்சனம் நோபிலி மீது இன்றும் இருப்பது இதனால்தான்.

மிச்சம் என்ன?

'ஞானோபதேசம்', 'ஆத்தும நிர்ணயம்' போன்ற நூல்களால், தமிழ் உரைநடையின் முன்னோடிகளில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். கடைசிக் காலத்தில் பார்வை மங்கி, 1656 ஜனவரி 16-ல் மயிலாப்பூரில் காலமானார். வயது 78.

பரங்கி என்ற ஒரு பெயரில் இருந்து தப்பிக்கத்தான் அவர் உயர்குடி என்ற இன்னொரு பெயரைப் பிடித்தார். கதவு திறந்தது உண்மை. ஆனால் அது எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதும் உண்மை.