மருத்துவர் பாலர் பள்ளிக்கு வந்த வழி

ஆகஸ்டு 31 என்றாலே நமக்குத் தேசிய தினம்தான் நினைவுக்கு வரும். அதே தேதியில், 1870ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மரியா மாண்டிசோரி என்ற அந்தப் பெயரை இன்று பட்டணத்துப் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதும், அவர் நம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

நான் செரண்டாவில் வளர்ந்தவள். இப்போது தஞ்சோங் மாலிமில் பாலர் கல்வி பயில்கிறேன். எஸ்.டி.பி.எம். முடித்து இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தபோது உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். இவ்வளவு படித்துவிட்டு, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடவா போகிறாள் என்பதே அவர்கள் பேச்சின் சாரம். மாண்டிசோரியின் வாழ்க்கையை நான் தேடிப் படிக்க அந்தப் பேச்சும் ஒரு காரணம். ஏனென்றால் அவரும் நிறையப் படித்தவர். பாலர் பள்ளிக்கு வர வேண்டும் என்று திட்டமிடாதவர்.

மரியாவின் தந்தை அரசாங்க அலுவலர். குடும்பம் 1875இல் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்து இத்தாலியில் படித்த பெண்ணுக்கு ஏற்ற வேலை ஆசிரியப் பணி ஒன்றுதான் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் மரியா 13 வயதில், பெரும்பாலும் பையன்களே படித்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியலாளராக வேண்டும் என்பது அவருடைய முதல் கனவு. 1890இல் அந்தப் படிப்பை முடித்ததும் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் நேரில் சென்று கேட்டும் இடம் கிடைக்கவில்லை. அவர் சளைக்காமல் ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துத் தேறி, அந்தத் தகுதியைக் கொண்டு 1893இல் மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார்.

உள்ளே நுழைந்த பிறகும் சிரமம் தீரவில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது முறையன்று என்று கருதினார்கள். அதனால் மற்றவர்கள் போன பிறகு, பிணங்கள் இருந்த அறையில் தனியாக நின்று அவர் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. இப்படிப் படித்து 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

அதன் பிறகு பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணி. அந்தப் பணி அவரை ரோமின் மனநோய் விடுதிகளுக்கு அழைத்துச் சென்றது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அங்கே பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை, விளையாட ஒரு பொருள்கூடக் கிடையாது. சாப்பிட்ட பிறகு தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் குழந்தைகள் பொறுக்குவதை அவர் கண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பராமரிப்பவருக்கு அது பேராசையாகத் தெரிந்தது. மரியாவுக்கோ, கையால் தொட்டு ஆராய வேறு எதுவும் இல்லாத குழந்தைகளின் தவிப்பாகத் தெரிந்தது. இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இதார், செகன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி முன்பே எழுதியிருந்தார்கள். மரியா அவர்களுடைய நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதிப் படித்தார். 1900இல் இக்குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று ரோமில் தொடங்கப்பட்டபோது, அதன் இணை இயக்குநரானார். அவரிடம் பயின்ற குழந்தைகளில் சிலர் பொதுத் தேர்வு எழுதி, சாதாரணப் பள்ளி மாணவர்களுக்கு நிகராகத் தேறினார்கள். எல்லாரும் அதை அதிசயம் என்று பாராட்டினார்கள். மரியாவின் மனத்தில் எழுந்ததோ வேறொரு கேள்வி. குறையுள்ளவர்கள் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளே இந்த அளவுக்கு வர முடியும் என்றால், நல்ல நிலையில் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே வைத்திருக்கின்றன?

இந்த இடத்தில் அவர் வாழ்க்கையின் துயரமான பகுதியையும் சொல்லியாக வேண்டும். உடன் பணியாற்றிய மருத்துவர் மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. செய்தி வெளியே தெரிந்திருந்தால் மரியாவின் பணியும் பெயரும் அன்றைய சமூகத்தில் அழிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். மாரியோ பதின்ம வயதில்தான் தாயோடு வந்து சேர்ந்தான். அதன் பின்னும் வெகுகாலம் வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையன் என்றே அறிமுகம். உலகத்துக் குழந்தைகளுக்காக உழைத்தவர் தம் குழந்தையின் மழலைப் பருவத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. இதைப் படித்தபோது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண்ணிடமிருந்து அந்தச் சமூகம் எவ்வளவு பெரிய விலையை வாங்கியது என்றே தோன்றியது.

ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு நிறுவனம் அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பித்துக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகள் படிக்கட்டில் ஓடிச் சுவரைக் கிறுக்கினார்கள். கட்டடம் பாழாகிறதே என்ற கவலையில், பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். மாண்டிசோரி ஒப்புக்கொண்டார். 1907 ஜனவரி 6ஆம் நாள், ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளோடு ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற ஒரு கல்வி முறை, சுவரைக் காப்பாற்றும் எண்ணத்தில் திறந்த அறையில்தான் பிறந்தது.

அங்கே முதலில் குழந்தைகளோடு இருந்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். கட்டடக் காவலாளியின் மகள். பழைய பழக்கத்தில் ஊறாத ஒருவர் இருப்பதே நல்லது என்று மாண்டிசோரி கருதினார். அவர் செய்த முதல் வேலை, குழந்தைகளைக் கவனிப்பது. பொம்மைகளைவிட, பெரியவர்கள் செய்யும் வேலைகளையே பிள்ளைகள் விரும்பினார்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுத்து, மனம் நிறையும்வரை செய்து பார்த்தார்கள். அதைக் கண்டு அவர் நாற்காலி மேசைகளைக் குழந்தைகளின் உயரத்துக்குச் செய்வித்தார். பூட்டிய அலமாரிகளுக்குப் பதிலாகக் கைக்கெட்டும் திறந்த தட்டுகளை வைத்தார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய பிள்ளைகள் நான்கு ஐந்து வயதிலேயே எழுதத் தொடங்கினார்கள். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் பதித்து அகரம் எழுதியதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

எனக்கு இந்தப் பகுதியைப் படித்தபோது ஆயாக் கொட்டகை நினைவுக்கு வந்தது. பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகளை அங்கேதான் விட்டுச் சென்றார்கள். என் பாட்டியும் செரண்டாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆயாவாக இருந்தவர். ஏணையை ஆட்டுவது, பால் கலக்கிக் கொடுப்பது, சண்டையை விலக்குவது, பாட்டும் எண்ணும் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஆனால் அவரை யாரும் ஆசிரியர் என்று அழைத்ததில்லை. சான் லொரென்சோவின் பிள்ளைகளும் நம் லயத்துப் பிள்ளைகளும் ஒரே நிலையில் இருந்தவர்கள்தாம். அங்கே ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்து கவனித்து எழுதினார். இங்கே அப்படி யாரும் எழுதவில்லை. வேறுபாடு குழந்தைகளிடம் இல்லை.

1909இல் மாண்டிசோரி தம் முறையை நூலாக வெளியிட்டார். பல நாட்டு ஆசிரியர்கள் ரோமுக்கு வரத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மருத்துவத் தொழிலை விட்டு முழுநேரமும் இப்பணியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது.

புகழோடு சோதனையும் வந்தது. 1920களில் முசோலினியின் அரசு அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். இதற்காக அவரைக் குறை கூறுவோர் இன்றும் உண்டு. பள்ளிகளைத் தம் கொள்கைக்கு ஏற்ப வளைக்க ஆட்சியாளர்கள் முனைந்தபோது உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் இருந்தபோது 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வெளியேறி நெதர்லாந்தில் தங்கினார்.

1939இல் சென்னை அடையாற்றிலிருந்த பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயதில் மகன் மாரியோவோடு இந்தியாவுக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் முதல் பயிற்சி நடந்தது. ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் பகைநாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாற்றை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். அவருடைய 70ஆம் பிறந்தநாளான ஆகஸ்டு 31 அன்று மகன் விடுதலையாகித் தாயிடம் வந்து சேர்ந்தார்.

நம் தாத்தா பாட்டிமார் ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கு தின்று, சயாம் மரண இரயில் பாதைக்குப் பயந்து வாழ்ந்த அதே ஆண்டுகளில், அவர் கொடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துச் செடி, கொடி, மண், நட்சத்திரம் என்று கற்பித்துக்கொண்டிருந்தார். 1946வரை இந்தியாவில் தங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை உருவாக்கினார். போர் முடிந்து ஐரோப்பா திரும்பியவர், மீண்டும் 1947இல் இந்தியாவுக்கு வந்து பயிற்சிகள் நடத்தினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949 முதல் 1951வரை மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார்.

ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளிடம் தொடங்கிய அவருடைய பெயர் இன்று பல இடங்களில் அதிகக் கட்டணம் கேட்கும் பள்ளிகளின் பெயராகிவிட்டது. பல நாடுகளில் அந்தப் பெயருக்குத் தனி உரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பலகையைப் பார்த்து மயங்குவதைவிட, உள்ளே இருக்கும் ஆசிரியர் குழந்தையைக் கவனிக்கிறாரா என்று பார்ப்பதே சரி.

மாணவ நண்பர்களே, நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. பாலர் பள்ளி ஆசிரியர் குறைந்தது டிப்ளோமா பெற்றிருக்க வேண்டும் என்பது 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. எஸ்.பி.எம். முடித்தவர்கள் டிப்ளோமா வழியாகவும், எஸ்.டி.பி.எம். முடித்தவர்கள் பட்டப்படிப்பு வழியாகவும் இதற்கு வரலாம். வேறு துறையில் தொடங்கியவர்களுக்கும் கதவு அடைத்துவிடவில்லை; பொறியியலில் தொடங்கி மருத்துவம் வழியாக வந்த மாண்டிசோரியே அதற்குச் சான்று. இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிய வேண்டுமானால், அனுமதி பெற்று அருகிலுள்ள பாலர் பள்ளியில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பிள்ளைகளைப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குச் சலிப்பாக இருந்ததா, போதவில்லையா என்பதே உங்களுக்கான பதில்.