வனம் காத்த வள்ளல் பாப் மார்ஷல்

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு

விடுமுறை வருகிறது என்றாலே நம் உள்ளம் துள்ளுகிறது. மலைக்குப் போகலாமா, அருவிக்குப் போகலாமா என்று தோழியர் கூடிக் கூடிப் பேசுகிறோம். காட்டுப் பாதையில் நடப்பதும், மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்பதும், இரவில் கூடாரத்தின் வாயிலில் இருந்து விண்மீன்களை எண்ணுவதும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்தக் காடு யாருக்குச் சொந்தம்? அங்கே செல்லும் உரிமை பணம் படைத்தவருக்கு மட்டுமா, ஏழைக்கும் உண்டா? தம் நாட்டின் அரசாங்கக் காடுகளைக் குறித்து இக்கேள்விகளை ஓயாமல் கேட்டு, விடை காண உழைத்து, முப்பத்தெட்டாம் வயதிலேயே மறைந்த ஒருவரின் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம். அவர்தாம் அமெரிக்க நாட்டின் ராபர்ட் மார்ஷல். நண்பர்கள் அவரைப் பாப் என்றே அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

பாப் மார்ஷல் 1901-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை லூயிஸ் மார்ஷல் புகழ் பெற்ற வழக்கறிஞர், யூத குலத்தவர். தாயார் பெயர் புளோரன்ஸ். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் அடிரோண்டாக் என்னும் மலைத்தொடர் உள்ளது. அங்குள்ள அரசாங்கக் காடுகள் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894-இல் அம்மாநில அரசியல் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. அந்த விதிக்கு ஆதரவளித்து நின்றவர்களுள் லூயிஸ் மார்ஷலும் ஒருவர். எனவே காட்டுப் பற்று பாப் மார்ஷலுக்குத் தந்தை தந்த சீதனம் எனலாம்.

அம்மலைப் பகுதியில் சாரனாக் ஏரிக்கரையில் அவர்களுக்குக் கோடைக்கால இல்லம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் கோடையில் குடும்பமே அங்கே சென்றுவிடும். சிறுவன் பாப் காட்டைச் சுற்றி வந்தான். பழைய நாடாய்வாளர்களின் பயணக் கதைகளைப் படித்தான். யாரும் காணாத மலையைக் காணும் பேறு தனக்கு இல்லையே, நூறு ஆண்டு பிந்திப் பிறந்துவிட்டோமே என்று ஏங்கினான்.

இங்கே ஒரு செய்தியைக் கூற வேண்டும். நம் பள்ளி நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கு 920 என்று எண்ணிட்டு அடுக்கியிருப்பதை நாம் அறிவோம். அந்த எண் முறையை வகுத்தவர் மெல்வில் டூயி என்னும் பேரறிஞர். அவரே அடிரோண்டாக் மலையில் ஓர் உல்லாச விடுதியையும் நடத்தி வந்தார். யூதர்களுக்கு அங்கே இடமில்லை என்று அச்சிட்டே அறிவித்திருந்தார்கள்! அரசாங்க நூலகத்தின் தலைவராக இருப்பவர் இவ்வாறு செய்யலாமா என்று 1905-இல் லூயிஸ் மார்ஷலும் வேறு சிலரும் முறையிட்டனர். டூயி கண்டனத்திற்கு உள்ளாகி, அப்பதவியை விட்டு விலகினார். அப்போது பாப் நான்கு வயதுக் குழந்தை. மலையும் ஏரியும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, வாயிற்கதவை மட்டும் சிலருக்குச் சாத்தும் வழக்கம் அவர் பிறந்த மண்ணிலேயே இருந்தது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1916-இல் புளோரன்ஸ் அம்மையார் புற்றுநோயால் காலமானார். பாப் மார்ஷலுக்கு அப்போது வயது பதினைந்து. தோழியரே, நம் வயதுதான்! தாயை இழந்த அந்தப் பிள்ளைகளின் கோடைகள் அதன் பின் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நமக்குத் துணிவு வரவில்லை.

நாற்பத்தாறு சிகரங்கள்

1918-இல் பாப், அவர் தம்பி ஜார்ஜ், வழிகாட்டியான ஹெர்பர்ட் கிளார்க் ஆகிய மூவரும் மலையேறத் தொடங்கினர். கிளார்க் ஏட்டுக் கல்வி மிகுந்தவர் அல்லர். ஆயினும் காட்டைக் கரைத்துக் குடித்தவர். படகு வலிப்பதையும் காட்டில் வழி காண்பதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவரே. அடிரோண்டாக் மலையில் 4,000 அடிக்கு மேல் உயர்ந்தவை எனக் கருதப்பட்ட சிகரங்கள் 46. அவற்றுள் பலவற்றிற்கு அக்காலத்தில் பாதையே கிடையாது. புதரை விலக்கிக்கொண்டும் விழுந்த மரங்களைத் தாண்டிக்கொண்டும்தான் ஏற வேண்டும். 1925-இல் கடைசிச் சிகரத்தையும் ஏறி முடித்து, நாற்பத்தாறையும் ஏறிய முதல் மனிதர்கள் என்ற பெருமையை அம்மூவரும் பெற்றனர்.

காடே தம் தொழில் என்று பாப் முடிவு செய்தார். சிரக்யூஸ் நகரின் வனவியல் கல்லூரியில் 1924-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் மேற்பட்டம் பெற்றார். பின்னர் 1930-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். செல்வர் மகன் நகரத்தில் சொகுசாக அமர்ந்திருக்கலாம். அவரோ 1925-இல் மான்டானா மாநிலத்தின் மிசூலா நகருக்குச் சென்று, காட்டுத் தீக்குப் பின் மரங்கள் மீண்டும் முளைப்பதை ஆராயும் பணியில் சேர்ந்தார்.

அங்கே தீயணைக்கும் கூலியாட்களுடனும் மரம் வெட்டுவோருடனும் பழகினார். அவர்களுடைய உழைப்பையும் வறுமையையும் கண்டு மனம் இரங்கினார். அவர் நகைச்சுவையும் மிக்கவர். மரம் வெட்டுவோர் ஒரு வேளை உணவை எத்தனை நிமிடத்தில் உண்டு முடிக்கிறார்கள், பேச்சினிடையே எத்தனை வசைச் சொற்களை உதிர்க்கிறார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்! நம் உணவறையில் அவர் கடிகாரத்துடன் வந்து நின்றால் நம் கணக்கு என்னவாகுமோ!

நடப்பதில் அவருக்கு நிகர் அவரே. ஒரே நாளில் 30 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நடப்பது அவருக்குச் சாதாரணம். முதுகில் மூட்டையுடன், மேடும் பள்ளமுமான பாதைகளில் இப்படி நடப்பார்.

பனிநாட்டில்

1929-ஆம் ஆண்டு அவர் அலாஸ்காவிற்குச் சென்றார். மறு ஆண்டு மீண்டும் சென்று, வடதுருவ வட்டத்திற்கும் வடக்கேயுள்ள வைஸ்மன் என்னும் சிற்றூரில் ஓராண்டுக்கும் மேல் தங்கினார். வெள்ளையரும் எஸ்கிமோக்களும் கலந்து வாழ்ந்த அவ்வட்டாரத்தின் மக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1933-இல் வெளிவந்து நன்கு விற்பனையாயிற்று. அதில் கிடைத்த வருவாயை அந்த ஊர் மக்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். அவர்களுடைய வாழ்க்கையை எழுதிப் பெற்ற பணத்தில் அவர்களுக்கும் உரிமை உண்டென்று எண்ணினார் போலும்!

அங்கே ஓர் ஆற்றின் இருமருங்கும் நின்ற இரு மலைகளுக்கு அவர் இட்ட பெயர் வடதுருவ வாயில் என்னும் பொருளுடையது. 1980-இல் அப்பகுதி ஒரு தேசியப் பூங்கா ஆயிற்று. அவர் சூட்டிய பெயரே அதற்கும் நிலைத்தது.

எல்லோருக்கும் காடு

அக்காலத்தில் மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. மக்கள் கூட்டங் கூட்டமாகக் காட்டிற்கு வந்து, கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திக் கூடாரம் அடித்தார்கள். சக்கரங்கள் மண்ணை இறுக்கியதால் வேர்களுக்கு நீரும் காற்றும் எட்டவில்லை. பெரு மரங்களும் நலிந்தன. மரநோய் அறிஞரான மைனக்கி என்பவர் இதைக் கண்டறிந்தார். வண்டிகள் ஒரே திசையில் சுற்றிவரும் பாதை, ஒவ்வொரு குடும்பத்திற்கும் நிலையான மேசை, நிலையான அடுப்பு என்று அவர் 1930-களின் தொடக்கத்தில் வகுத்த முறையே முகாம் திடல்களுக்கு வழிகாட்டியாயிற்று. 1933-இல், நாட்டைப் பொருளாதார மந்தம் வாட்டியபோது, வேலையற்ற இளைஞர்களுக்கென அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு தொண்டர் படையை அமைத்தார். 1942 வரை ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர்கள் அதில் பணியாற்றி மரங்களை நட்டனர். நடைபாதைகளையும் முகாம் திடல்களையும் அமைத்தனர்.

பாப் மார்ஷல் இப்பணிகளை வரவேற்றார். ஆனால் ஓர் அச்சமும் அவருக்கு இருந்தது. எல்லாக் காட்டிற்குள்ளும் சாலை போட்டுவிட்டால், மனிதன் தனித்து நடந்து இயற்கையின் முன் தலைவணங்க ஓர் இடமும் மிஞ்சாதே! எனவே அவர் இரண்டையும் கேட்டார். நகரங்களுக்கு அருகே மக்கள் எளிதில் வந்து தங்கக்கூடிய காடுகள் வேண்டும். தொலைவிலே சாலையே புகாத பெருங்காடுகளும் வேண்டும். 1935-இல் நண்பர்களுடன் சேர்ந்து வனாந்தரச் சங்கத்தை நிறுவினார். அதற்குப் பணத்தை வாரி வழங்கியவரும் அவரே.

1933 முதல் 1937 வரை பூர்வகுடி மக்கள் நலத்துறையில் காடுகளுக்குத் தலைவராக இருந்தார். அங்கே அவர் ஒரு தவறு செய்ததையும் மறைக்கலாகாது. பூர்வகுடியினரின் நிலங்களில் 16 பகுதிகளைச் சாலையற்ற காடுகள் என்று 1937-இல் அறிவிக்கச் செய்தார். ஆனால் அந்நிலத்திற்கு உரிய மக்களைச் சரிவரக் கலந்து பேசவில்லை. பிற்காலத்தில் அம்மக்களே கேட்டு, அவ்வறிவிப்புகளுள் பெரும்பாலானவற்றை நீக்கச் செய்தனர். நல்லதைச் செய்யும்போதும் உரியவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து நாம் பெறுகிறோம்.

1937-இல் அமெரிக்க வனத்துறையில் மக்கள் பொழுதுபோக்குப் பிரிவுக்குத் தலைவரானார். நாடெங்கும் அரசாங்கக் காடுகளில் உள்ள பாதைகளும் முகாம்களும் அவர் பொறுப்பில் வந்தன. ஏழைக் குடும்பங்கள் காட்டிற்கு வருவதற்குப் பயணச் செலவில் உதவ வேண்டும் என்றார். சிறு தொகை கொடுத்துத் தங்கும் முகாம்களை அமைக்க வேண்டும் என்றார். கறுப்பின மக்களையும் யூதரையும் ஒதுக்கும் வழக்கம் வனத்துறையின் இடங்களில் இருக்கவே கூடாது என்று வாதாடினார். தென் மாநிலங்களில் கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்று எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்த காலம் அது. அவர் கேட்டவை யாவும் உடனே கைகூடவில்லை. ஆயினும் அரசாங்க அலுவலகத்திற்கு உள்ளே இருந்துகொண்டே அவர் அதைக் கேட்டார். அன்று குழந்தைப் பருவத்தில் ஒரு வாயில் தம்மவருக்குச் சாத்தப்பட்டிருந்தது; இன்று தம் கையில் சாவி வந்தபோது அவர் எல்லோருக்கும் திறக்க முயன்றார். என்னே அவர்தம் உள்ளம்!

மறைவும் புகழும்

1939 செப்டம்பரில் அவர் வகுத்த விதிகள் ஒப்புதல் பெற்றன. அரசாங்கக் காடுகளில் ஒரு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட வனாந்தரங்களும், 5,000 ஏக்கர் முதல் ஒரு இலட்சம் ஏக்கர் வரையுள்ள சிறு வனங்களும் சாலையும் மரவெட்டும் இன்றிக் காக்கப்பட அவை வழி செய்தன. இரண்டு மாதங்கள்கூட முழுதாகக் கழியவில்லை. நவம்பர் 10-ஆம் நாள் இரவு வாஷிங்டனிலிருந்து நியூயார்க்கிற்கு ரயிலில் புறப்பட்டார். மறுநாள் காலை ரயில் வந்து சேர்ந்தது. பாப் மார்ஷல் எழவில்லை. உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. மலைகளையெல்லாம் ஏறிய அந்த இதயம் முப்பத்தெட்டாம் வயதிலேயே நின்றுவிட்டது.

அவர் மணம் புரியவில்லை. தம் செல்வத்தை வனப் பாதுகாப்பிற்கும், மக்களின் உரிமைக்கும், உழைப்பாளர் நலனுக்கும் எழுதி வைத்திருந்தார். அவர் நிறுவிய சங்கம் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 1964-இல் வனாந்தரச் சட்டம் பிறந்தது. முதலில் 91 இலட்சம் ஏக்கர் காக்கப்பட்டது. இப்போது அது 11 கோடி ஏக்கரையும் தாண்டிவிட்டது. மான்டானாவில் 10 இலட்சம் ஏக்கர் பரப்புள்ள ஒரு வனாந்தரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதற்குள் சாலை இல்லை. செல்ல விரும்புவோர் நடந்தோ குதிரையிலோதான் செல்ல வேண்டும்.

நாம் கற்பது

இக்கட்டுரையை எழுதும்போது எங்கள் நெஞ்சை ஒன்று உறுத்தியது. இவ்வாண்டு சுற்றுலாவிற்குப் பணம் சேர்த்தபோது, எங்கள் வகுப்பில் இரு தோழியர் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. சென்ற ஆண்டும் அவர்களுக்கு அதே நாளில் காய்ச்சல் வந்தது. நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போய்விட்டோம். பாப் மார்ஷல் எங்கள் வகுப்பில் இருந்திருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார்.

அடுத்த ஆண்டுக்காக இப்போதே வகுப்பில் ஓர் உண்டியல் வைத்திருக்கிறோம். யார் எவ்வளவு போட்டார், யாருக்காகப் போட்டார் என்று எழுதுவதில்லை. வகுப்பே ஒன்றாகப் போகும். இல்லையேல் நடந்தே போகக்கூடிய இடத்திற்குப் போகும் என்று முடிவு செய்திருக்கிறோம். காட்டிற்குச் சென்றால் குப்பையை அங்கே விட்டு வாராமல், தோழியை இங்கே விட்டுச் செல்லாமல் இருப்போமாக!