கல்லைப் படித்த பெருமகனார்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

உறுதி மிக்க ஒருவரை மலை போன்றவர் என்று புகழ்வது நம் வழக்கம். வருசநாட்டு மலைகளின் அடியில், மயிலாடும்பாறையில் பிறந்து வளர்ந்த நானும் மலை என்றும் அப்படியே நிற்பது என்றுதான் எண்ணியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஓர் ஐப்பசி இரவில் மூல வைகையில் செந்நீர் பெருகியது. விடிந்து பார்த்தால், என் பாட்டனார் வைத்து வளர்த்த இரண்டு இலவமரங்களையும் அவை நின்ற கரையையும் காணோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆற்றோரம் அமர்ந்து, வண்டலைக் கைநிறைய அள்ளுவதும் உதிர்ப்பதுமாக இருந்தார். இந்த மண் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற வினா அன்று என் உள்ளத்தில் விழுந்தது. கல்லூரிக்கு வந்தபின் அதற்கு விடை தேடுகையில் எனக்கு அறிமுகமானவரே இராபர்ட் புரூஸ் ஃபூட். மாணவ நண்பர்களே, அப்பெருமகனாரின் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் பணியும்

இங்கிலாந்தில் செல்ட்டனாம் நகரில் 1834-ஆம் ஆண்டு பிறந்த ஃபூட், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். இருப்புப்பாதைகள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. கையில் சுத்தியலுடன் ஊர் ஊராகச் சென்று பாறைகளை ஆராய்வதே அவர் தொழிலாயிற்று. ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவலின் மகளை அவர் மணந்தார். இவ்வாறு தமிழகத்தோடு அவருக்குத் தொழிலுறவுடன் குடும்ப உறவும் ஏற்பட்டது.

பல்லாவரத்துக் கல்

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றிலிருந்து வெளிப்பட்ட கற்களிடையே, மனிதன் செதுக்கிய கல்லொன்று அவர் கண்ணில் பட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அக்கல்லே முதற்சான்றாயிற்று. அதே ஆண்டு தம் தோழர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அவ்விடத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பல்லாவரத்துக் கருவியைச் செய்த குவார்ட்சைட் கல் அவ்விடத்துப் பாறையில் பிறந்ததன்று. அத்தகைய கல்லை உடைய மலைகள் வடமேற்கே தொலைவில் இருக்கின்றன. அம்மலைகள் தேய, அவற்றின் கற்களை நீர் உருட்டிச் சமவெளியில் சேர்த்தது. எறும்பூரக் கல்லும் தேயும் என்றால், ஆறு ஓட மலை தேயாதா?

ஃபூட் 1891-இல் ஓய்வு பெற்றபின் பரோடா அரசில் பணியாற்றினார். அங்கே சபர்மதிக் கரையில், பழைய கற்கருவிகள் கிடந்த சரளைக்கு மேல் சுமார் 200 அடி உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. பிற்காலத்துப் புதிய கற்கால மக்களின் தடயங்களோ அந்த வண்டலுக்கு மேலே இருந்தன. இரு காலத்து மக்களுக்கும் இடையே நெடுங்காலம் கழிந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆறு படியவைத்த மண்ணே அவருக்குக் கடிகாரம்.

தேய்வும் உயர்வும்

அன்றைய மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளின் நிலவியல் குறித்து ஃபூட் எழுதிய நூல் 1883-இல் வெளிவந்தது. நம் மலைகள் அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. மலை இப்படித் தேய்ந்துகொண்டே இருந்தால் என்றோ தரைமட்டமாகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை? மலைகளின் எடையைப் பூமியின் உட்பகுதி தாங்கும் விதம் பற்றி ஏரி என்ற அறிஞர் 1855-லேயே ஒரு விளக்கம் தந்திருந்தார். ஆயினும் நிலத்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கை 1960-களில்தான் நிலைபெற்றது. ஃபூட் அதனைக் காண வாய்க்கவில்லை.

பல்லாவரத்துக் குன்றுகளிலும் நம் வருசநாட்டு மலைகளிலும் ஒரே வகைப் பாறை உண்டு. அதன் பெயர் சார்னோக்கைட். நம் பக்கத்துப் பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்தில் வெந்தது. இன்று அதன்மேல் அமர்ந்து நாம் கதை பேசுகிறோம்! மேலிருந்தது அனைத்தும் தேய்ந்து போக, கீழிருந்தது எழுந்து வந்திருக்கிறது. சுமையை இறக்க இறக்கப் பரிசல் நீரில் உயர்வதில்லையா? மேற்பரப்பு தேய்ந்து எடை குறையும்போது நிலமும் அவ்வாறே மெல்ல எழுகிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம் நிலத்தைவிட்டுப் பிரிந்தபின், மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வாறு தேய்ந்தும் எழுந்தும் நிற்கிறது. தட்டுகள் மோதி வேகமாக உயரும் இமயம் வேகமாகவே தேய்கிறது. நம் மலைக்கு இரண்டிலும் நிதானம் அதிகம்.

அவர் வாழ்வு தரும் பாடம்

ஃபூட் தம் பிற்காலத்தை ஏற்காட்டில் கழித்து, 1912-இல் மறைந்தார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் சேர்த்த தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் பெற்றது. அவற்றைப் பற்றிய அவரது நூல் அவர் மறைவுக்குப் பிறகே வெளிவந்தது.

அவர் வரலாற்றைப் படித்தபின் என் பாட்டனாரின் வண்டல் எனக்கு வேறுவிதமாகத் தோன்றியது. மலை தேய்வது இயற்கை. அதனால்தான் பள்ளத்தாக்கில் வயல் உண்டு, சோறு உண்டு. ஆனால் பாறை மண்ணாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். சரிவில் மரத்தை வெட்டிவிட்டால் அம்மண் ஒரே மழையில் ஓடி, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் அடியில் சென்று படியும். நிலம் கீழிருந்து எழும் வேகம் அந்த இழப்பை நம் காலத்தில் ஈடுசெய்யாது.

சென்ற விடுமுறையில் நானும் தந்தையாரும் எஞ்சிய கரையில் வெட்டிவேரும் மூங்கிலும் நட்டோம். பாட்டனார் திண்ணையிலிருந்து இறங்கிவந்து, ஒவ்வொரு நாற்றின் அடியிலும் காலால் மண்ணை அழுத்திவிட்டார்.