மெக்கானிக்கல் படித்த கம்பைலர் மேதை



நான் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். ஒருநாள் கம்ப்யூட்டர் பிரிவு நண்பனின் புத்தகத்தை வாங்கி, கம்பைலர் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். லேத் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பாடத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரே நம்ம மெக்கானிக்கல்காரர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்தான் ஜான் காக்.

1925 மே 30-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஷார்லட் நகரில் பிறந்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் 1946-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் பெற்றார். பத்து வருஷம் கழித்து, 1956-ல், அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டம். அதே ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்து, ஸ்ட்ரெச் என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் திட்டத்தில் உழைத்தார். 1961-ல் அது வெளிவந்தபோது சொன்ன வேகம் வரவில்லை; கம்பெனி விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. காக் துவண்டுவிடவில்லை. மெஷினை மட்டும் வேகமாக்கினால் போதாது, அதற்கு வேலை சொல்லும் கம்பைலரும் புத்திசாலியாக இருக்கணும் என்பதே அவர் பிடித்த வழி. ஃபிரான்சஸ் ஆலன் என்ற பெண்மணி அவருடன் சேர்ந்து உழைத்தார்.

அவர்கள் துறையின் ஆதாரம் பேஸிக் பிளாக். நாம் எழுதும் புரோகிராமைக் கம்பைலர் முதலில் ஓர் இடைநிலை வடிவத்துக்கு மாற்றும். ஒரு வரிக்கு ஒரு சின்ன வேலை. பிறகு அந்த வரிகளைத் துண்டு போடும். எங்கே வெட்டுவது? முதல் வரி ஒரு துண்டின் தலை. வேறிடத்திலிருந்து எந்த வரிக்குத் தாவி வருகிறோமோ அதுவும் தலை. தாவலுக்கு அடுத்த வரியும் தலை. ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு முந்தின வரி வரை ஒரு பிளாக். கழுகுமலையில் ஏறினால் கோவில்பட்டியில்தான் இறங்கணும், நடுவில் ஏற்றம் இறக்கம் கிடையாது என்கிற பஸ் மாதிரி.

இதனால் என்ன லாபம்? தீப்பெட்டி ஆபீஸ் கூலிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கையை ரேட்டால் பெருக்கும் வரி ஒரே பிளாக்கில் இரண்டு தடவை வருகிறது. நடுவில் யாரும் தாவி உள்ளே வர முடியாது. இடையிலுள்ள வரிகளில் எண்ணிக்கையோ ரேட்டோ மாறவில்லையென்றால், முதல் விடையையே வைத்துக்கொண்டு இரண்டாவது பெருக்கலைத் தள்ளிவிடலாம். மாறியிருந்தால் தொடக்கூடாது. அப்புறம் பிளாக்குகளை அம்புக்குறியால் இணைத்தால் முழுப் புரோகிராமின் பாதைப்படம் கிடைத்துவிடும். இதை விளக்கிய ஆலனின் கட்டுரை 1970-ல் வந்தது. தகவல் எந்தப் பாதையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை இருவரும் சேர்ந்து 1976-ல் வெளியிட்டார்கள்.

1975-ல் 801 என்ற திட்டம் தொடங்கியது. வேலை நடந்த கட்டடத்தின் எண்ணே அதன் பெயர். சிக்கலான கட்டளைகள் அபூர்வமாகத்தான் பயன்படுகின்றன என்று கண்டு, எளிய கட்டளைகள் மட்டுமே கொண்ட மெஷினைக் காக்கின் குழு உருவாக்கியது. மிச்சப் பொறுப்பு கம்பைலருக்கு. ரிஸ்க் என்ற அந்த வழியில் வந்த சிப்புகள்தான் இன்று நம் சட்டைப்பை செல்போனில் ஓடுகின்றன. 1987-ல் டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 2002 ஜூலை 16-ல் காலமானார்.

ஒரு குறையையும் சொல்லணும். காக் வராந்தாவில் நின்று மணிக்கணக்கில் பேசுவார். எழுத மட்டும் சோம்பல். ஆலன் போன்றவர்கள் எழுதி வைத்ததால்தான் அவர் யோசனைகளில் பல நமக்குக் கிடைத்தன. அந்த ஆலனுக்கும் 2006-க்கான டூரிங் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

தோழர்களே, பிரிவுகள் டைம்டேபிளுக்காகப் போட்டவை. அறிவுக்கு வேலி அல்ல. புரியாத பாடம் மலையாய்த் தெரிந்தால், பாதை பிரியும் இடம் பார்த்துத் துண்டு போடுங்கள். ஒரு துண்டைச் சந்தேகமறத் தெரிந்துகொண்டு அடுத்ததுக்குப் போங்கள். புரிந்ததை மறக்காமல் எழுதியும் வையுங்கள். நண்பனின் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது அவன்தான் சந்தேகம் கேட்க என்னிடம் வருகிறான்!