விண்ணுக்கு ஆன செலவும் விக்கிரம் சாராபாயும்

கொல்லிமலைத் திருப்புலி நாட்டில் சாமையும் தினையும் விளைவிக்கும் உழவனுக்கு விண்வெளி ஆய்வால் விளையும் பயன் யாது? வறுமையில் வாடும் நாடு வானில் பொருளைச் செலவிடுதல் முறையோ? இவ்வினாவைப் புறந்தள்ளாது ஏற்றுக்கொண்டவர் விக்கிரம் சாராபாய்.

1919 ஆகஸ்டு 12இல் அகமதாபாத்தில் காலிகோ ஆலை அதிபர் அம்பாலாலின் மகனாகப் பிறந்த அவர், சர் சி.வி. இராமனின் வழிகாட்டலில் அண்டக்கதிர்களை ஆய்ந்தார்; 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகம் கண்டார். அதற்குத் தொடக்கத்தில் பொருள் ஈந்தவை அவர்தம் குடும்ப அறக்கட்டளையும் அகமதாபாத் கல்விக் கழகமுமே. நம் நாட்டு விண்வெளி ஆய்வின் வேர் பஞ்சாலைப் பணத்தில் ஊன்றியது என்பதைப் பலர் நினைப்பதில்லை.

1962இல் அமைந்த விண்வெளி ஆய்வுக் குழுவின் தலைவரானதும் அவர் நாடிய இடம் கேரளக் கடற்கரைச் சிற்றூரான தும்பா. புவிக் காந்த நடுக்கோடு அதனருகே செல்கிறது. அவ்விடத்தில் ஆய்வு நிகழ்த்தப் பிறநாட்டாரும் விரும்பினர். பொருளில்லாத நாட்டுக்கு நிலத்தின் இருப்பிடமே முதலாயிற்று! அமெரிக்கா ஏவூர்தி தந்தது. பிரான்சு ஆய்வுக் கருவி தந்தது. சோவியத்து நாடு உலங்கூர்தி தந்தது. 1963 நவம்பர் 21இல் முதல் ஏவூர்தி எழுந்தது. தேவாலயமே பணிமனை, உறுப்புகள் மிதிவண்டியில் சென்றன. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமும் அங்கு உழைத்தார்.

இரவல் நெடுநாள் நிலைக்காது என்பதை ஆலைக் குடும்பத்து மைந்தர் அறியாதவரா? 1967இல் ரோகிணி என்னும் சிறு ஏவூர்தி நம் நாட்டிலேயே உருவாகிப் பறந்தது. 1969 ஆகஸ்டு 15இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பிறந்தது.

அவர்தம் கணக்கில் தொலைக்காட்சியே முதன்மை பெற்றது. ஊர்தோறும் ஒலிபரப்புக் கோபுரம் எழுப்புவதினும், தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழி ஒளிபரப்புதல் செலவு குறைந்தது என அவர் வாதிட்டார். கோபுரத்து அலையை மலை மறைக்கும். வானிலிருந்து வருவதை அவ்வாறு மறைப்பது அரிது. அமெரிக்கக் கோள் ஒன்றை இரவலாகப் பெற 1969இல் உடன்பாடும் ஏற்பட்டது.

1971 டிசம்பர் 30இல், 52ஆம் அகவையில், கோவளத்தில் உறக்கத்திலேயே அவர் மறைந்தார். அவர் கனவு கண்ட ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு 6 மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் நிகழ்ந்தது. தமிழகம் அவற்றுள் இல்லை. கொல்லிமலை போன்ற மலைகளுக்கு வான்வழி வாய்ப்பு, 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்ட பின்னரே நெருங்கி வந்தது.